பாறையில் மாட்டிய நீல வலை

எங்கோ யாரோ கடலில் விட்டுவிட்டுப் போன மீன்வலைகள் எங்கள் எருப் தீவுப் பக்கம் மிதந்து வரும். அவற்றை அறுத்து, கம்பிக் கூட்டின் மேல் பின்னி, சுறாவும் ஆமையுமாக ஆக்குகிற பெண்களில் அசெனத்தும் அவள் தம்பி மனைவி டமாரிசும் உண்டு. இருவருக்கும் ஒத்துப்போகாது. இருந்தும் பாறை விளிம்பில் புது வலை மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டதும் ஒரே படகில் கிளம்பினார்கள்.

"நீலமெல்லாம் எனக்கு. உன் சுறாவுக்குப் பச்சை போதும்" என்றாள் அசெனத், இடுப்பளவு நீரில் நின்று வலையை அறுத்துக்கொண்டே.

"வலை இன்னும் படகுக்கே வரல, அதுக்குள்ள பங்கு பிரிக்கிறீங்களா மதினி?"

கடல் ஏறத் தொடங்கியிருந்தது. நீரோட்டம் வேகம் பிடித்ததும் வலையின் அவிழ்ந்த பக்கம் பாய்போல் உப்பி, அசெனத்தின் வலக்காலைச் சுற்றி இறுக்கியது. கத்தி கைநழுவி ஆழத்தில் விழுந்தது.

டமாரிஸ் தன் கத்தியோடு குதித்தாள். மூழ்கி மூழ்கி அறுத்தாள். ஒரு இழை அறுந்தால் பத்து இழை இறுகின. தண்ணீர் அசெனத்தின் மார்புக்கு வந்துவிட்டது.

"போய் என் தம்பியக் கூட்டிட்டு வாடி."

"போயிட்டு வர்றதுக்குள்ள தண்ணி உங்க தலைக்கு மேல போயிடும்."

"அப்ப மோட்டாரப் போட்டு இழு!"

"வலை மோட்டார் காத்தாடியில சுத்திக்கும். அப்புறம் ரெண்டு பேருக்கும் கதி இல்ல. சும்மா இருங்க!"

மதினியை அவள் அதட்டியது அதுதான் முதல் தடவை. ஓட்டத்தோடு இழுபட்ட வலை முனையைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறி, அதைப் பின்பக்கம் கட்டினாள். வலையின் இறுக்கம் தளரட்டும் என்று, துடுப்பை எடுத்து ஓட்டத்துக்கு எதிராகப் போட்டாள். படகு அசையவில்லை. பிறகு ஒரு முழம் நகர்ந்தது. கை கொஞ்சம் ஓய்ந்தாலும் பின்னால் போனது. வலை மறுபடி இறுக, அசெனத் அலறினாள்.

தண்ணீர் இப்போது அவள் தாடையைத் தொட்டது.

"தொய்வு தெரியுதா மதினி?"

"கொஞ்சம்... இன்னும் இழு!"

டமாரிஸ் பல்லைக் கடித்து வலித்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து துடுப்பு வழுக்கியது. அசெனத் மூச்சை இழுத்துப் பிடித்து, காலை உருவ நீருக்குள் போனாள். திரும்பிப் பார்க்க டமாரிசுக்குத் தைரியம் இல்லை. பார்த்தால் கை நின்றுவிடும். "இயேசுவே, இயேசுவே" என்று சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டாள்.

படகின் விளிம்பை ஒரு கை பற்றியது.

அசெனத்தைத் தூக்கிப் போட்டபோது அவள் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ரத்தக் கோடுகள். இருமி, உப்புநீரைக் கக்கி, முதலில் சொன்னது: "மூதேவி, ஒழுங்கா துடுப்புப் போடக்கூடத் தெரியல உனக்கு."

டமாரிஸ் சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது. அசெனத் அவள் தலையைத் தன் ஈர மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் நீர் வற்றியதும் ஆண்கள் போய் அந்த வலையைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். கட்டுப் போட்ட காலோடு அசெனத் மணலில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு கத்தி கேட்டு வாங்கி, நீலக் கயிற்றை நீளநீளமாக அறுத்து, துணி சுற்றிய டமாரிசின் கைகளுக்கு எட்டும்படி குவித்தாள்.

"உன் சுறாவுக்கு வச்சுக்கோ. எனக்கு இந்த நெறமே ஆகல."