கோட்டையில் கிடைத்த கதிர் அரிவாள்

எங்கோ வெளிநாட்டில் ரோமானியக் கோட்டை ஒன்றைத் தோண்டி எடுத்த இரும்புச் சாமான்களின் படங்களைப் பார்த்து, எது என்னவென்று கணினியில் குறிப்பதுதான் பாலாநகர் அலுவலகத்தில் பானுவுக்கு வேலை. பேரரசே மண்ணோடு மண்ணாகிவிட்டது. அதன் துரு மட்டும் இவள் தலையில் விடிந்தது.

கணவன் யோகேஷும் மூன்று வயது மகள் அக்ஷதாவும் கோயம்புத்தூரில். அங்குள்ள கிளைக்கு மாற்றல் கேட்டு ஒன்றரை வருடம் கெஞ்சி, இப்போதுதான் சம்மதித்திருந்தார்கள். ஒரே நிபந்தனை, இந்த மாதம் மூன்று தப்பு விழக்கூடாது. மேலாளர் வினய் வைத்திருக்கும் விடையோடு ஒத்துப்போனால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஏற்கெனவே இரண்டு சிவப்பு.

அன்று வந்த படத்தில் வளைந்த இரும்பு ஒன்று, உள்வளைவில் பொடிப்பொடிப் பற்கள்.

"சார், இது கதிர் அறுக்கற அரிவாள்."

"கோட்டையில கிடைச்சது பானு. பட்டாளத்துக்காரன் கதிர் அறுப்பானா? ஆயுதம்னு போடு. எதுக்கு இவ்ளோ யோசனை?"

ஏன் அறுக்கமாட்டான்? லோத்குண்டாவில் அவள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால், ராணுவ வளாகத்தில் ஜவான்கள் குந்தி உட்கார்ந்து புல் அறுப்பது தெரியும். பட்டாளம் என்றால் பொழுதுக்கும் சண்டையா? அவனுக்கும் சோறு வேண்டும், குதிரைக்குத் தீனி வேண்டும்.

ஆயுதம் என்று போட்டால் கோயம்புத்தூர். ஆனால் தெரிந்தே பொய் சொல்லக் கை வரவில்லை, பாழாய்ப்போன கை. 'விவசாயக் கருவி' என்று குறித்து, காரணத்தையும் எழுதினாள். சிவப்பு விழுந்தது. கழிவறைக்குப் போய் அழுதாள்.

நான்காம் நாள், படங்களை அனுப்பிய வெளிநாட்டு அருங்காட்சியகத்திலிருந்து அவள் எழுதிய காரணத்துக்குப் பதில் வந்தது. பானு சொன்னதே சரியாம். மூன்றாவது தப்பை நீக்கிவிட்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. 'ஞாயித்துக்கிழமை அம்மா வந்துடுவேன்' என்று அக்ஷதாவிடம் போனில் சொல்லியும் விட்டாள்.

மாலையில் வினய் லட்டோடு வந்தார்.

"அவங்க உன்னைத்தான் கேக்கறாங்க. இன்னும் பத்தாயிரம் படம் இருக்காம். ட்ரான்ஸ்ஃபர் இப்ப நக்கோ, வேணாம், இது முடியட்டும்."

"குழந்தைகிட்ட சொல்லிட்டேன் சார்."

"ஹவ், ஆமா, புரியுது. லட்டு எடுத்துக்கோ."

மறுநாள் ஒரு முடிவோடு உட்கார்ந்தாள். வரிசையாகச் சிவப்பு விழுந்தால் அவர்களே வேண்டாமென்று விரட்டிவிடுவார்கள். முதல் படம் களைக்கொத்து. மனசாட்சியைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, 'வாள்' என்று குறித்தாள்.

பச்சை.

மண்வெட்டியை 'ஈட்டி' என்றாள். அதற்கும் பச்சை.

"சார், இது என்ன இப்படிக் காட்டுது?"

வினய் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இனிமே நீ போடறதுதான் விடை. மத்தவங்களுக்குத்தான் சிவப்பு விழும். உனக்குத் தப்பே வராது பானு."