சிறுத்தைக் குலத்துப் பிள்ளைகள்

ஆஸ்ட்ரிடா கசுபாவுக்கு வந்த சோதனை, யாருமே மாட்டேன் என்று சொல்லாததுதான். மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அடுத்த ஆளைத் தேடலாம். சிசோம்போ ஊரின் குழந்தைகள் நல அலுவலகத்தில் அவளுக்கு வேலையே அதுதான்: ஆதரவில்லாமல் போன பிள்ளைகளை விடுதியில் தள்ளாமல் சொந்தக்காரர் வீட்டில் சேர்ப்பது. சொந்தக்காரர்களைக் கண்டுபிடிப்பதில் அவள் கெட்டிக்காரி. சந்தையில் வெங்காயம் விற்கிறவளிடம் பேச்சுக் கொடுத்தே, எங்கோ லுவிங்குவில் இருக்கிற சித்தியைப் பிடித்துவிடுவாள். பிடித்த பிறகுதான் தொல்லை. அந்தப் பக்கத்துப் பெம்பா ஜனங்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வாய் வராது, அதுவும் பிள்ளை விஷயத்தில். "எங்க பிள்ளைங்கதானேம்மா, இதையெல்லாம் கேக்கணுமா?" என்பார்கள். அறுவடை கழிந்து கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்போது அப்படி இருந்தது மூன்று பிள்ளைகள். பெரியவள் சிலுஃபியாவுக்குப் பதினொரு வயது. அவளுக்கு அடுத்தவன் கபெம்பா. கடைக்குட்டி லுபுட்டோவுக்கு ஐந்து வயது, அவளுக்கு வலிப்பு வரும். தாய் மழைக்காலத்தில் செத்துப்போனாள். தகப்பன் தாமிரச் சுரங்கத்துக்கு வேலை தேடிப் போனவன், போனவன்தான். அலுவலகத்துக்காகப் பிள்ளைகளைத் தற்காலிகமாக வளர்த்துக் கொடுக்கும் சின்கலா அம்மாள் வீட்டில் மூன்றும் இருந்தன. நல்ல மனுஷி. ஆனால் கண் அறுவைக்காக லுசாக்காவில் மகள் வீட்டுக்குப் போகிறாள், சனிக்கிழமை பஸ்.

அதற்குள் சொந்தத்தில் யாரும் வந்து அழைத்துப் போகாவிட்டால், பையன் என்டோலா பக்கத்து ஆண்பிள்ளைகள் விடுதிக்கு, பெரியவள் பெண்பிள்ளைகள் விடுதிக்கு, சின்னவள் வலிப்பு பார்க்கிற ஒரு மிஷன் இல்லத்துக்கு. மூன்றும் மூன்று திசை. வலிப்புள்ள பிள்ளையோடு அண்ணனையும் அக்காவையும் சேர்த்து வைத்துக்கொள்கிற இடம் அந்த மாகாணத்தில் இல்லை. ஆஸ்ட்ரிடா வண்டியும் சொல்லிவைத்துவிட்டாள். பிள்ளைகளிடம் மட்டும், "உங்க மாமா வந்துட்டே இருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிலுஃபியா ஒவ்வொரு முறையும் பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதைப்படி முட்டி போட்டு, கை தட்டி, "நன்றி மேடம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் குடும்பக் கூட்டம். வரச் சொன்னபோது யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதில் ஆச்சரியமில்லை. வந்தேவிட்டார்கள், அதுதான் ஆச்சரியம். மதியம் கோழி உண்டு என்று டிரைவர் மும்பி ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான்.

தாய்மாமன் கவோமா நடுவில் உட்கார்ந்தார். பெம்பா குடும்பத்தில் பிள்ளை தாய் குலத்துக்குச் சொந்தம், ஆகவே அவர் சொல்தான் சொல். அவருக்குப் பக்கத்தில் செத்துப்போனவளின் தங்கை பெலிஸ்டா. போரோகோசோ சந்தையில் கருவாடு விற்கிறவள், புருஷன் இல்லை. மூன்றாவது ஆள் கங்வா, கவோமாவின் இன்னொரு அக்காள் மகன், சைக்கிள் பழுது பார்க்கிறவன். பிள்ளைகளை வெளியே ஜன்னலுக்கடியில் பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

"மூணும் எங்க ரத்தம்" என்றார் கவோமா.

"எங்க ரத்தம்" என்றான் கங்வா.

"யாரு இல்லேன்னா?" என்றாள் பெலிஸ்டா.

"அப்ப நாளைக்கு யார் வீட்டுக்குப் போறாங்க, மாமா?" என்று ஆஸ்ட்ரிடா கேட்டாள்.

"நம்ம வீட்டுக்குத்தான்."

"யார் வீடு?"

"நம்ம குடும்பத்துல எல்லா வீடும் ஒரு வீடுதாம்மா" என்றார் கவோமா. எல்லோரும் தலையாட்டினார்கள். காலை முழுவதும் இப்படியே போயிற்று. காட்டில் தின்கிற புழு எடுக்கிற காலம் முடியட்டும், கூரை வேயட்டும், பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்று ஒவ்வொன்றாக வந்தது. அத்தனையும் சம்மதம். ஆஸ்ட்ரிடாவுக்குச் சம்மதத்தைக் கேட்டுக் கேட்டுத் தலை வலித்தது.

சோளக்களியும் கோழியும் வந்தன. சாப்பாட்டு மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று கவோமா களியை உருட்டிக்கொண்டே விசாரித்தார்.

"நீங்க என்ன குலம்மா?"

தலைநகரிலிருந்து வந்து பயிற்சி கொடுத்தவர், குடும்பத்தாரிடம் கண்ணியமாக நடக்க வேண்டும், உறவு கொண்டாடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆஸ்ட்ரிடா பல வருஷம் அதைக் காப்பாற்றியவள்தான். அன்றைக்குத் தலைவலியில் உண்மை வந்துவிட்டது.

"ஆட்டுக் குலம்."

கவோமாவின் கையிலிருந்த களி உருண்டை நின்றது. அவர் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது. அவர்கள் மூவரும் சிறுத்தைக் குலம். ஆடும் சிறுத்தையும் பனுங்வே, கேலி முறைக்காரர்கள். ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் வையலாம். இழவு வீட்டில்கூட வையலாம். கோபித்துக்கொள்கிறவர்தான் குற்றவாளி.

"அடப்பாவமே, காலையிலேர்ந்து பசியோட கெடக்கேன்" என்றார் கவோமா. "சாப்பாடு எதுத்தாப்ல கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு."

"அதான் ஒரு வாடை" என்றாள் பெலிஸ்டா. "நான் என் கருவாடுதான்னு நெனச்சேன்."

ஆஸ்ட்ரிடா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று புலப்பட்டது. அதிகாரிக்கு வாயில் வராத பேச்சு ஆட்டுக்கு வரும். தட்டைத் தள்ளிவைத்தாள்.

"சிறுத்தையாம் சிறுத்தை. தோல்ல புள்ளி இருக்கு, நெஞ்சுல ஒண்ணும் இல்ல. ஒரு அஞ்சு வயசுப் பிள்ளையப் பாத்துப் பயந்து, ஆளுக்கொரு புதருக்குள்ள போய் வாலைச் சுருட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. எங்க ஊர்ல பெட்டை ஆடு இதைவிடத் தைரியமா இருக்கும்."

கங்வா வாய்விட்டுச் சிரித்தான். கவோமாவும் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றுபோனது. கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

"கெழட்டுச் சிறுத்தை, நீ சொல்லு" என்றாள் ஆஸ்ட்ரிடா. "ஏன் கூட்டிட்டுப் போகல?"

கவோமா களியைக் கீழே வைத்தார். "என் பொண்டாட்டிதான். வலிப்பு நுரை நம்ம பிள்ளைங்க மேல பட்டா அதுங்களுக்கும் வந்துரும்ங்கறா. வராதுன்னு கிளினிக்ல சொன்னாங்க. அதை அவகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

"பொண்டாட்டிக்குப் பயந்த சிறுத்தை. அப்புறம் நீ, சைக்கிள் சிறுத்தை?"

"எனக்கு ஒரு ரூம்தான். பெரியவளை மட்டும்னா கூட்டிட்டுப் போவேன், பொண்டாட்டிக்கு ஒத்தாசையா இருப்பா. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"வெக்கப்பட வேண்டியதுதான்" என்று ஆஸ்ட்ரிடா பெலிஸ்டா பக்கம் திரும்பினாள். பெலிஸ்டா சிரிக்கவில்லை. இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"நான் சொல்றேன் ஆடே. எனக்கு அந்தப் பிள்ளையக் கண்டு பயம் இல்ல. என் அக்காவுக்கும் சின்ன வயசுல வலிப்பு வந்துச்சு, நான்தான் மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். எனக்கு இவங்களக் கண்டுதான் பயம். நான் சரின்னு முதல்ல வாயத் தொறந்தா, இந்த அண்ணன் கை தட்டி நன்றி சொல்லிட்டு ஊருக்குப் போயிருவாரு. அப்புறம் பிள்ளை செத்துச்சா பொழச்சுச்சான்னு எட்டிப் பாக்க மாட்டாரு. அக்கா படுத்த படுக்கையா கெடந்தப்ப அப்படித்தான் பண்ணாங்க. நான் ஒருத்திதான் கெடந்தேன்."

இத்தனை நாள் எல்லோரும் சேர்ந்து சம்மதித்ததன் சூட்சுமம் ஆஸ்ட்ரிடாவுக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லோரும் சரி என்றால் ஒருவர் தலையிலும் விழாது.

"நல்லாக் கேட்டுக்குங்க" என்றாள் அவள். "மூணு பிள்ளைங்களும் பெலிஸ்டா வீட்டுக்குப் போகுது. களிக்கு மாவு கெழவன் அனுப்பறாரு. அவ சந்தைக்குப் போற நாள்ல கங்வா பொண்டாட்டி சின்னவளைப் பாத்துக்கறா, மாத்திரை வாங்கறது கங்வா. அதிகாரியா வந்து பாத்தா டீ கொடுத்து எல்லாம் சவுக்கியம்பீங்க, எனக்குத் தெரியும். அதனால நான் ஆடா வருவேன். மாவு போகலைன்னா, மாமா, ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல நின்னு, நீங்க பொண்டாட்டிக்குப் பயந்த கதையைப் பாட்டாப் பாடுவேன்."

"பாடுவா" என்றான் வாசலில் நின்ற மும்பி. "இவளுக்குக் கொரலும் நல்லா இருக்காது."

கவோமா கீழே வைத்த களியை மறுபடி எடுத்து உருட்டினார். அதிகாரியிடம் சொன்ன வாக்கைக் காற்றில் விடலாம், கேலி முறைக்காரியிடம் சொன்னதை விட முடியாது. விட்டால் சிறுத்தைக் குலம் முழுவதும் சிரிக்கும். "மாவு வரும்" என்றார் கடைசியில், சன்னமாக. இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த மிகச் சின்னச் சம்மதம் அதுதான். ஆஸ்ட்ரிடா அதைத்தான் நம்பினாள்.

சாயங்காலம் பிள்ளைகளின் மூட்டையை மும்பி வண்டியில் ஏற்றினான். பெலிஸ்டா முன்னால் உட்கார்ந்து லுபுட்டோவை மடியில் வாங்கிக்கொண்டாள். ஆஸ்ட்ரிடாவுக்கு மனசு நிறைந்திருந்தது. தன்னைத் தானே மெச்சிக்கொள்கிற நிலைக்குக் கொஞ்சம் வந்துவிட்டிருந்தாள். சிலுஃபியா ஏறாமல் அவளிடம் வந்தாள். முட்டி போடவில்லை.

"நீங்க ஆடுதானே? ஜன்னல் வழியாக் கேட்டுச்சு."

"ஆமா."

"நானும் சிறுத்தைதானே? கேக்கலாமா?"

"கேளு."

"இவங்க வரலைன்னா, நாளைக்கு எங்களை வேற வேற எடத்துக்கு அனுப்பியிருப்பீங்களா?"

வேறு நாளாக இருந்தால், அதையெல்லாம் யோசிக்காதே கண்ணு என்று சொல்லியிருப்பாள். "அனுப்பியிருப்பேன்" என்றாள் ஆஸ்ட்ரிடா.

"தம்பிகிட்ட எப்ப சொல்லியிருப்பீங்க?"

"வண்டியில ஏத்தின பிறகு."

சிறுமி அதை யோசித்துப் பார்த்தாள். முறைப்படி யாரும் கோபப்படக் கூடாது, ஆனால் அவளுக்குக் கோபம் வந்திருந்தது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

"ரொம்ப மோசமான ஆடு நீ" என்றாள். அதில் சிரிப்பு இல்லை. பிறகு வண்டிக்குப் பின்னால் ஏறி, தம்பி சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆடு திருப்பி வைய வேண்டும், அதுதான் முறை. மும்பி வண்டியைக் கிளப்பாமல், இவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்ட்ரிடா போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.