துறைமுகத்துக்கு விட்ட உறைமோர்

கனடாவில் மொன்றியல் நகரின் ஆற்றுத் துறைமுகம் ஓர் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு பகல் முழுக்கத் தயிராக உறைந்து கிடந்தது. பால் விலையில் அதனால் மாற்றம் எதுவும் இல்லை.

காரணம் அந்நகரின் லாசால் பகுதியில் குடியிருக்கும் றோசலின். சென்ட் லோரன்டில் ஓர் ஆய்வுகூடத்தில் நுண்ணுயிர்களோடு அவளுக்கு வேலை. கப்பல்கள் சிந்தும் எண்ணெயைத் தின்ன வெளியிலிருந்து எதையும் கொண்டுவரத் தேவையில்லை, துறைமுகத்துச் சேற்றிலேயே பிறந்து வளர்ந்த நுண்ணுயிர்கள் போதும், ஊட்டம் கொடுத்துப் பெருக்கினால் சரி என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தாள். அவையோ கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தன. மாத முடிவுக்குள் எண்ணெய் குறையாவிட்டால் ஆய்வுகூடத்தை மூடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. அந்த நேரம் பார்த்து அங்கிருந்த குளிர்பெட்டியும் பழுதானதால், மிச்சமிருந்த நுண்ணுயிர்களை றோசலின் வீட்டுக்கு எடுத்துவந்தாள். எங்கள் சனத்துக்கு வெறும் வாளியை எறிய மனம் வராது. கழுவி வைத்திருந்த தயிர் வாளி ஒன்றில் ஊற்றி, வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தாள்.

அன்று மாலை அவளுடைய கணவர் தேவதாசன் பால் காய்ச்சி, அந்த வாளியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உறைமோராக விட்டார். விடிந்தபோது தயிர் வெட்டி எடுக்கும் பதத்தில் இருந்தது. பக்கத்திலிருந்த ஆட்டிறைச்சிக் கறியில் எண்ணெய் மருந்துக்கும் இல்லை. அடுப்புக்குப் பின்னால் சுவரின் பிசுக்குப் போய், குடிவந்த நாளின் வெள்ளை தெரிந்தது. தேவதாசனின் தலைமயிர் காய்ந்து நட்டுக்கொண்டு நின்றது.

“இந்த வாளியை ஆர் திறந்தது?”

“நான்தான். தயிர் வாளிக்குள்ள தயிர் இருக்குமெண்டுதானே நினைப்பன்? நீர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.”

“சாப்பிட்டனீங்களோ?”

“ஓம், ஒரு கோப்பை. நல்ல புளிப்பு.”

றோசலினுக்கு முதலில் அழுகை வந்தது. கரண்டி பட்டுக் கடைசியாக இருந்ததும் கெட்டுப்போய்விட்டதே என்று மனம் உடைந்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். தயிர்ச் சட்டியைத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், துறைமுகத்தில் கவிழ்த்தாள்.

மறுநாள் காலை துறைமுகம் உறைந்திருந்தது. கப்பல்கள் நின்ற இடத்தில் நின்றன, கடற்பறவைகள் மேலே நடந்து திரிந்தன. மாலையில் தயிர் இளகி ஆற்றோடு போனது. அடியில் கிடந்த கற்கள்கூடத் தெரிந்தன, எண்ணெய் இல்லை. றோசலின் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தாள். மேலிடம் வாசித்துவிட்டு, ஆய்வுகூடத்துக்குப் பெரிய பால்சட்டி ஒன்று வாங்கித் தந்தது.

இப்போது ஒவ்வொரு வருடமும் பனி உருகியதும் தேவதாசன்தான் அங்கே போய்ப் பால் காய்ச்சுகிறார். அவர்கள் வீட்டில் மட்டும் இன்னும் எண்ணெய் தங்குவதில்லை. கோயில் பெருநாளுக்கு றோல்ஸ் பொரிக்கும் பொறுப்பு வேறு வீட்டுக்குப் போய்விட்டது. தேவதாசன் தலைக்கு எண்ணெய் வைப்பது பஸ் தரிப்பில்தான். லாசாலில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.