சொத்தையில்லாத பல்

மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் ஷரீஃபுதீன் வீட்டுப் பரணில் சீமா ஒளிந்திருக்க ஆரம்பித்து ஐந்து மாதமாகியிருந்தது. அவளுக்குப் பதினைந்து வயது. பாக்தாத்திலிருந்து வந்து சிங்கப்பூரில் குடியேறிய யூதக் குடும்பம். ஜப்பான்காரன் முதலில் யூதர் என்று காட்டும் பட்டையைக் கையில் கட்டிக்கொள்ளச் சொன்னான். நாற்பத்து மூன்றில் ஒருநாள் காலை லாரியில் வந்து அப்பாவையும் அண்ணனையும் சிறைக்கு ஏற்றிக்கொண்டு போனான். தாயில்லாத பெண், தனியே நின்றாள். அவள் அப்பாவிடம் சரக்கெடுத்து இங்கே ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை நடத்திய ஷரீஃபுதீன்தான், பழகின தோஷத்துக்கு, மூட்டைகளுக்கு நடுவே அவளை மலாக்காவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

பகலெல்லாம் ஓட்டுக்கடியில் உடம்பு வெந்துபோகும். இருமல் வந்தால் துணியைக் கடித்துக்கொள்வாள். அதெல்லாம் பழகிவிட்டது. பல்வலியைத்தான் தாங்க முடியவில்லை. கடைவாயில் சீழ் வைத்து, கன்னம் வீங்கி, ஒரு கண்ணே மூடிக்கொண்டது. ஷரீஃபுதீனின் மனைவி சபியா கிராம்பு நசுக்கி வைத்தாள், உப்புத்தண்ணீர் கொடுத்தாள். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் சீமா தன்னையறியாமல் அலறிவிட்டாள்.

வாசலில் சுப்பையன் வந்து நின்றார். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஜப்பானியருக்குச் சொல்வதற்கென்றே தெருவுக்கு ஒருவரை வைத்திருந்தார்கள். இந்தத் தெருவுக்கு அவர்.

"யாரு தங்கச்சி அது?"

பலகை இடுக்கு வழியே சீமா பார்த்தாள். சபியா கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தாண்ணே. பல்லுவலி, உயிர் போகுது."

"முந்தாநாளும் இப்படிச் சத்தம் கேட்டுச்சே. அப்ப நீ கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தே."

பல் பிடுங்கும் சீனக் கிழவர் சந்து முனையில்தான் உட்கார்ந்திருப்பார். சுப்பையன் வாசலை விட்டு நகராமலே அவரைக் கூப்பிட்டார்.

கிழவர் வந்து, எந்தப் பல் என்று மலாயில் கேட்டார். சபியா ஏதோ ஒன்றைக் காட்டினாள். அவர் இடுக்கியால் தட்டினார். துடித்திருக்க வேண்டியவள், ஒரு கணம் தாமதமாகத்தான் துடித்தாள். கிழவர் நிதானித்தார். தலையைத் தூக்கி ஒரே ஒரு தடவை பரணைப் பார்த்தார். சீமா இடுக்கிலிருந்து முகத்தை இழுத்துக்கொண்டாள்.

"ரொம்பக் கெட்டுப்போச்சு," என்றார் சுப்பையனிடம்.

ஊசி, மருந்து எதுவும் கிடையாது. நல்ல பல் லேசில் வருமா? மூன்று தடவை இழுத்தார். சபியா போட்ட கூச்சலில் சீமா தன் வாய்க்குள் துணியை இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டாள். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் சுப்பையன் கிளம்பினார்.

சாயங்காலம் மரவள்ளிக் கஞ்சியோடு சபியா ஏணியில் ஏறி வந்தாள்.

"மாமி, நானே போய்ச் சரணடைஞ்சிடறேன். என்னால நீங்களும் சாக வேணாம்," என்றாள் சீமா.

வாயில் பஞ்சு அடைத்திருந்த சபியாவால் பேச முடியவில்லை. சீமாவின் வீங்காத கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

கிழவர் சொல்லிவிட்டால்? மூன்று நாள் பூட்ஸ் சத்தத்துக்குக் காதை வைத்துக்கொண்டு கிடந்தார்கள். நான்காம் நாள் கிழவர் தனியாக வந்து, கதவைத் தானே சாத்தினார்.

"மேல இருக்கிறவங்களைக் கூப்பிடு."

"மேல யாருமில்லை, தவுக்கே," என்றாள் சபியா, சீன முதலாளிகளைக் கூப்பிடும் மரியாதையோடு.

"என் தம்பியைப் பன்றிக்கொட்டகையில ஒளிச்சு வெச்சேன். அஞ்சாம் நாள் வந்து இழுத்துட்டுப் போயிட்டாங்க," என்றார். "சீழ் ரத்தத்துல ஏறினா ஆள் செத்துடும். அப்புறம் பிணத்தை எங்கே ஒளிப்பே?"

சபியா அசையவில்லை. சீமா தானாகவே ஏணியில் இறங்கி வந்து, அவர் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். சத்தம் வெளியே கேட்காமலிருக்க உரலில் இடிக்கச் சொன்னார் கிழவர். இடிக்க அரிசி ஏது? சபியா வெறும் உரலை இடித்தாள், நிறுத்தாமல் இடித்தாள்.

சீமா பிழைத்தாள். அதன்பின் இன்னும் இரண்டு வருஷம் அதே பரண், அதே கிசுகிசுப்பு.

ஜப்பான்காரன் சரணடைந்த மறுமாதம் எலும்பும் தோலுமாக ஓர் ஆள் ஷரீஃபுதீன் வீட்டை விசாரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, அரபியில் அவள் பெயரைச் சொன்னான். அவள் அண்ணன்.

"சத்தமாப் பேசும்மா, இனி பயமில்லை," என்றாள் சபியா.

சீமா முயன்று பார்த்தாள். கிசுகிசுப்புதான் வந்தது. அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவன் காதில் வாயை வைத்து, "அப்பா எங்கே?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.