எங்கள் வீட்டுச் சேவலின் மானம்

எங்கள் குடியில் யாரும் அயல்வீட்டு நல்லரத்தினத்தின் வாசல் படலையில் நின்று எதையும் கேட்டதில்லை. உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கும் என் தங்கை மகள் கஜானி, ஆராய்ச்சிக்கு அந்த வீட்டு முட்டை வேண்டும் என்றபோது நான் மறித்தேன்.

“சேவலோட நிக்கிற கோழிர முட்டை வேணும் மாமா. கருவில இதயம் எப்படி உருவாகுது, சூடு கூடினா எங்க பிழைக்குது எண்டு பாக்கணும்.”

“நம்மட வீட்டில சேவல் இல்லயா?”

வாகரையிலிருந்து நானே தெரிந்தெடுத்துக் கொண்டுவந்த சேவல். அதன் நடையைப் பார்க்க எங்கள் ஆரையம்பதியில் ஆட்கள் நிற்பார்கள். அயல் சேவல் எட்டிப் பார்க்காதபடி கம்பிவலையும் அடித்திருந்தேன். பன்னிரண்டு முட்டை கொடுத்தேன். கஜானி அவற்றைத் தான் செய்த பெட்டியில், மின்குமிழ்ச் சூட்டில் நான்கு நாள் வைத்தாள். பிறகு அறையை இருட்டாக்கி டோர்ச் பிடித்தாள்.

“ஒண்டிலயும் இதயம் இல்ல மாமா. கருவே கட்டல்ல.”

“உன்ட பெட்டி பிழை.”

“அப்ப ரெண்டு வீட்டு முட்டையையும் ஒண்டா வச்சுப் பாப்பம்.”

நல்லரத்தினம் ஆறு முட்டை கொடுத்ததோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானும் பார்க்க வருவதாகச் சொன்னார். பிறகு கோயில் கூட்டத்தில் எங்கள் சேவலைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும். கஜானி பென்சிலால் எங்கள் முட்டை ஆறில் ‘எ’ என்றும் அவருடையதில் ‘ந’ என்றும் எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் அழிறப்பரை எடுத்தேன்.

ஞாயிறன்று ‘எ’ முட்டை ஆறிலும் சிவப்புப் புள்ளி துடித்தது. ‘ந’ முட்டைகள் சும்மா கிடந்தன. நல்லரத்தினத்தின் முகம் கறுத்தது. நான் மீசையைத் தடவினேன்.

கஜானி ஒரு ‘எ’ முட்டையின் ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, நுணுக்குக்காட்டியில் குனிந்தாள்.

“மாமா, இந்த இதயம் வளையவேண்டிய பக்கம் வளையல்ல. பரம்பரைக் கோளாறு போல இரிக்கி. எந்த வீட்டுப் பரம்பரை எண்டு அறிக்கையில பேரோட எழுதணும்.”

குஞ்சுக்கு வழியில்லை என்றால் அது சேவலின் குறை. பரம்பரைக் கோளாறு என்றால் அது வீட்டின் குறை. அதுவும் அச்சில்!

“அது நம்மட முட்டை இல்ல புள்ள. நான்தான் எழுத்தை மாத்தினன்.”

நல்லரத்தினத்தின் வயிறு சிரிப்பில் குலுங்கத் தொடங்கியது. கஜானி கொப்பியை விரித்தாள். “ஒவ்வொரு முட்டைட நிறையையும் எழுதித்தான் வச்சனான் மாமா. குளிச்சிட்டு வந்து பாத்த அண்டைக்கே தெரியும். இதயம் ஆறும் நல்லாத்தான் இரிக்கி.”

“மச்சான்,” என்றார் நல்லரத்தினம், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ர சேவலை அனுப்பட்டா? மாப்பிள்ள பொண் வீட்டுக்கு வாறதுதானே நம்மட வழமை.”

“முறையா வந்தாப் பாப்பம்,” என்றேன்.

மறுநாள் காலை கூடையில் சேவல் வந்தது. கூடவே அவர் மனைவி சீதேவிப்பிள்ளை வெற்றிலைத் தட்டும் அனுப்பியிருந்தார். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வாங்கினேன். அந்த நேரம் மட்டும் எங்கள் சேவலைப் பின்வளவில் கட்டிவைத்திருந்தேன்.