விட்ட இடம்

வெல்டிங் வாத்தியாருக்குப் பத்தொன்பது வருஷமாகப் பிடிக்காத ஒரே விஷயம், பாதி வேலையில் எழுந்து போவது. தொழிற்பள்ளியில் அவர் பிரிவின் ஒரே பெண் அதைத்தான் தினமும் செய்தாள். பட்டறையில் மாணவர்களுக்கு இருந்தது ஆண்கள் கழிப்பறை மட்டும். அவளுக்கானது மைதானம் தாண்டி, தையல் வகுப்புக் கட்டடத்தில். போய்வரப் பன்னிரண்டு நிமிஷம்.

அதெல்லாம் வாத்தியார் மண்டையில் ஏறவில்லை. வேலைக்கு உடம்பு வணங்காத பிள்ளை என்று முடிவுகட்டிவிட்டார். இன்றைய தேர்வுத் தகட்டில் விரிசல் விட்டால் அவளைத் தையலுக்கு மாற்றிவிடக் கடிதம்கூட எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நெருப்பை நிறுத்தினால் ஒட்டு ஆறிப்போகும். மறுபடி தொடங்கும் இடத்தில் முடிச்சு விழும். வளைத்தால் அங்கேதான் இரும்பு வாயைப் பிளக்கும்.

"இன்னைக்கு எத்தனை தடவ எழுந்து போன?"

"ரெண்டு தடவ சார். காலையிலேருந்து தண்ணிகூட குடிக்கல. வயித்துவலி, முடியல."

முகத்தைச் சுளித்துக்கொண்டு தகட்டை வாங்கினார். இரண்டு முடிச்சுகளைத் தேடினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், விரலால் தடவினார். இறுக்கிப் பின்னிய சடை மாதிரி ஒட்டு ஒரே சீராக ஓடியது.

சரி, வளைத்தால் குட்டு வெளிப்படும் என்று அழுத்துப்பொறியில் வைத்து நெம்பினார். தகடு மடங்கியது. மயிரிழை விரிசல்கூட இல்லை.

"எங்கம்மா நிறுத்தின?"

இரண்டு இடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். காட்டிய பிறகும் அவருக்குத் தெரியவில்லை.

"எனக்கே இது வராது. எப்படிக் கத்துக்கிட்ட?"

"வேற வழி? தினம் நாலு தடவ நிறுத்துறேன். இவனுங்களுக்கு ஒரே மூச்சுல போடத்தான் தெரியும் சார். எனக்கு விட்ட இடத்துல பிடிக்கத் தெரியும்."

பையன்கள் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார்கள். வாத்தியார் மட்டும் பட்டறை மூலையைப் பார்த்தார். அங்கே அவருக்கென்று பூட்டிவைத்த கழிப்பறை. அவள் மேஜையிலிருந்து இருபதடி இருக்குமா? அவருக்கு வெட்கமாக இருந்தது.

கடிதத்தை எடுத்துக் கிழித்தார். இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி நீட்டினார்.

"அப்ப நீங்க, சார்?"

"நான் பசங்களோடதுக்குப் போறேன். நீ போ."

அவள் சாவியோடு ஓடினாள். மூன்றே நிமிஷத்தில் திரும்பிவந்து, குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். அவர் அப்போதும் வளைந்த தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.