கொக்கி கிழித்த சாக்கு

மனநல டாக்டரின் அறைக்குள் நுழையும் முன், அவள் வழக்கம்போலக் கணவன் காதில் ஓதினாள்.

"வாயைத் தொறக்காதய்யா. கம்முனு உக்காரு. இல்லேன்னா மறுபடி வார்டுக்குள்ள போட்டுருவாங்க."

சொல்லவே வேண்டியதில்லை. தானியக் கிடங்கில் மூட்டை மேல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடிய அந்த உடம்பு, மாத்திரை தொடங்கியதிலிருந்து சாத்தி வைத்த மூட்டையாகத்தான் கிடந்தது.

மாத்திரையைக் குறை சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. மனச்சிதைவு முற்றிய நாளில், தொட்டியில் எவனோ விஷம் கலந்துவிட்டான் என்று தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டு, தடுத்த சொந்த அண்ணன் மேலேயே மூட்டைக் கொக்கியை ஓங்கியவன் அவன். அந்தப் பயத்தை அடக்கியது மாத்திரைதான்.

பழைய டாக்டர், "அமைதியா இருக்காரு, நல்லது" என்று அதே சீட்டையே எழுதித் தருவார். இந்த அம்மா புதியவர். அவன் கையை நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்கின. மணிக்கட்டை மடக்கினார். துருப்பிடித்த கீல் போல அது விட்டுவிட்டு அசைந்தது.

"முன்னாடி எப்படி இருப்பாரும்மா?"

இதை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"சரியான வாயாடிங்க. லாரி ரிவர்ஸ்ல வந்து செவுத்துல முட்டப் போனா, 'நிறுத்துடா, செவுத்துக்கு அந்தப் பக்கம் உன் மாமியா வீடா?'ம்பாரு. கிடங்கே சிரிக்கும். நான் அங்க கிழிஞ்ச சாக்குத் தைக்கிறவ. நல்ல சாக்கைக் கொக்கியால கிழிச்சுட்டு வந்து, 'எலி கடிச்சிருச்சு'ன்னு நிப்பாரு. எங்க பேச்சு ஆரம்பிச்சதே அப்படித்தான். என்னைக் கட்டெறும்புன்னு கூப்புடுவாரு. இப்ப அதுவும் இல்ல."

"இதை ஏம்மா இத்தன நாளா சொல்லல?"

"சத்தமில்லாம இருந்தாத்தானே நல்லா இருக்காருன்னு எழுதுறீங்க?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவன் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றார்.

அவன் முதலில் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"சாக்குக்குள்ள போட்டு... வாயத் தைச்சாப்ல இருக்கு."

"இந்த நடுக்கமும் இறுக்கமும் மாத்திரையாலதான். ஆனா நிறுத்தக் கூடாது. கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சுப் பாப்போம். தூக்கம் கெட்டாலோ, தண்ணி மேல சந்தேகம் வந்தாலோ, அன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க."

அதன் பிறகு அவன் தம்ளரைத் தூக்கும்போதெல்லாம் அவள் கைவேலையை விட்டுவிட்டு அவனையே பார்ப்பாள். அவன் மடக் மடக்கென்று குடித்துவிட்டு வைப்பான். அப்பாடா என்றிருக்கும்.

மறுபடி அவன் கிடங்குக்கு வந்தான். சின்ன மூட்டை மட்டும்தான் தூக்கினான். கைநடுக்கம் முழுக்கப் போகவில்லை. ஒருநாள் சாக்குக் குவியலுக்கு நடுவே அவள் தைத்துக்கொண்டிருந்தபோது, முன்னால் ஒரு சாக்கு வந்து விழுந்தது. புதுச் சாக்கு. நெடுக ஒரே கிழிசல்.

நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

"கட்டெறும்பு கடிச்சிருச்சு" என்றான்.

"எறும்பு கொக்கி வச்சுக்கிட்டா கடிக்குது? போய்யா, போய் வேலையப் பாரு."

கோணி ஊசியை எடுத்தாள். அவ்வளவு பெரிய ஊசியின் காது, அவள் கண்ணுக்குத் தெரியவே இல்லை.